சைக்கிள் இழுவைப்பெட்டி: அளவெடுப்பதிலிருந்து பாரமேற்றி ஓட்டுவது வரை

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கரியர் சுமக்காத பொருள் இல்லை. 1990களில் எரிபொருள் தடை நடைமுறையில் இருந்தபோது விறகு, நெல் மூட்டை, வாழைக்குலை, நோயாளர் என எல்லாமே சைக்கிளில்தான் ஏறின. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளின்போதும் வீட்டுக் கோடியில் கிடந்த பழைய சைக்கிள்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. ஆயினும் கரியரில் ஏற்றும் பாரத்துக்கு இயல்பான எல்லை ஒன்று உண்டு. பாரம் பின்சில்லுக்கு நேர் மேலே, நிலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் நிற்பதால், மூட்டை பெரிதாகப் பெரிதாக முன்சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடத் தொடங்குகிறது. இறங்கி உருட்டும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தனியொருவரால் நிமிர்த்த முடிவதில்லை. அதே பாரத்தை நிலத்துக்கு அண்மையில், தனக்கென இரண்டு சில்லுகள் கொண்ட ஒரு பெட்டியில் வைத்து இழுத்தால் சைக்கிளின் சமநிலை ஏறத்தாழக் கெடாமல் இருக்கும். எமது குடாநாடு போல மேடு பள்ளம் குறைந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சுமைவண்டி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டுவதைப் பெட்டி என்று நாம் சொல்வதால், இதனை இழுவைப்பெட்டி என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இதன் தரத்தை முடிவு செய்பவை மூன்று: இரண்டு சில்லுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்பது, பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமர்வது, சைக்கிளுடன் சேரும் இணைப்பு எல்லாப் பக்கமும் தடையின்றி அசைவது. பணத்தையும் கவனத்தையும் இம்மூன்றிலும் செலவிட்டால், மற்றவற்றைப் பழைய இரும்பிலும் மிஞ்சிய பலகையிலும் முடித்துக்கொள்ளலாம். பலர் இதற்கு மாறாகச் சட்டத்துக்குத் தடித்த இரும்பைப் போட்டுவிட்டு, இணைப்பைக் கயிற்றாலும் கம்பியாலும் கட்டி விடுகிறார்கள். அத்தகைய பெட்டி வெறுமையாக இருக்கும்போதே இழுப்பவரைக் களைக்க வைக்கும். பாரம் ஏறினால் ஆபத்தாகும்.

எவ்வளவு பாரம், எவ்வளவு அகலம்

இங்கு விவரிக்கும் பெட்டி 40 கிலோவை நாளாந்தம் இழுப்பதற்கும், 50 கிலோவை, அதாவது ஒரு சீமெந்துப் பையை, எப்போதாவது மெதுவாக இழுப்பதற்கும் ஏற்றது. அதற்கு மேல் ஏற்றுவதற்குத் தடையாக நிற்பது சட்டத்தின் வலிமை அன்று; சைக்கிளின் பிறேக்தான். இழுக்க முடிந்த பாரம் எல்லாம் நிறுத்த முடிந்த பாரம் ஆகாது. கம்பி பிறேக் பூட்டிய பழைய 28 அங்குலச் சைக்கிள்களில் மழை நேரத்தில் றிம் நனைந்துவிட்டால் பிறேக் கட்டை வழுக்கும் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். அத்தகைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் மாரி காலத்தில் 30 கிலோவை எல்லையாகக் கொள்வது நல்லது.

அகலத்தை முடிவு செய்யுமுன் வீட்டுப் படலையையும், நாளாந்தம் போய்வரும் ஒழுங்கையின் ஒடுங்கிய இடத்தையும் அளந்து கொள்ள வேண்டும். சைக்கிளின் ஹாண்டில் பொதுவாக 55 முதல் 60 செ.மீ. அகலமுடையது. பெட்டி அதைவிட அகன்றிருக்கும் என்பதால், ஓட்டுபவர் தாம் புகுந்த இடைவெளியில் பெட்டியும் புகும் என்று நினைத்து மதிற்கட்டில் இடிப்பது வழக்கமான விபத்து. கீழே தரும் அளவுகளில் சட்டத்தின் வெளி அகலம் 70 செ.மீ. ஆகும்; 75 செ.மீ. இடைவெளியில் மெதுவாகப் புகலாம். இதைவிட ஒடுக்கினால், வளைவுகளில் ஒரு பக்கச் சில்லு கிளம்பும் இயல்பு கூடிவிடும்.

சில்லுகளைத் தெரிதல்

சட்டத்துக்கு இரும்பு வாங்குமுன் சில்லுகளை வாங்க வேண்டும். சட்டத்தின் இடைவெளிகள் யாவும் ஹப்பின் அகலத்தைப் பொறுத்தே அமையும்.

சிறுவர் சைக்கிள்களில் உள்ள 20 அங்குல முன்சில்லுகள் இரண்டு இதற்கு மிகப் பொருத்தமானவை. பெரிய சில்லு குழிகளில் இலகுவாக ஏறி இறங்கும் என்பது உண்மையே. ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று. சைக்கிள் வளைவில் திரும்பும்போது ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்வதால், அதன் சில்லுகளில் விழும் பாரம் எப்போதும் சில்லின் தளத்திலேயே இறங்குகிறது. இரண்டு சில்லுப் பெட்டி சாயாது. வளைவில் அதன் பாரம் சில்லைப் பக்கவாட்டிலும் நெரிக்கிறது. விட்டம் கூடிய சில்லில் கம்பிகள் நீளமாகவும் ஹப்பின் இரு விளிம்புகளுக்கும் இடையிலான தூரம் அதற்கு ஒப்பச் சிறிதாகவும் இருப்பதால் பக்கவாட்டு நெருக்கத்தைத் தாங்கும் திறன் குறைவு. 28 அங்குலச் சில்லுகள் பூட்டிய பெட்டியில் கம்பி அறுந்து றிம் நெளிவதற்குக் காரணம் இதுவே. 20 அங்குலச் சில்லு, குறிப்பாக 36 கம்பிகள் கொண்டது, இந்த நெருக்கத்தை நன்றாகத் தாங்கும்.

பழைய சில்லு வாங்கினால் அச்சைப் பிடித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்பு இருந்தால் ஹப்பைத் திறந்து குண்டுகளையும் கோனையும் மாற்றிப் புதிய கிறீஸ் இட வேண்டும். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரல்களால் அழுத்தும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். தளர்ந்த கம்பி இருந்தால் சைக்கிள் திருத்தும் கடையில் கொடுத்து இறுக்கி நெளிவெடுத்துக் கொள்வது பயன் தரும் செலவு. ரயர் 1.75 அல்லது 2.125 அங்குல அகலமுள்ளதாக இருக்கட்டும்.

சக்கர நாற்காலிச் சில்லுகள் கிடைத்தால் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழும். அவை ஒரு பக்க அச்சில் நிற்பதற்காகவே தடித்த அச்சுடன் செய்யப்பட்டவை, ஆகவே பயன்படுத்தலாம். சாதாரண சைக்கிள் சில்லை மட்டும் ஒருபோதும் ஒரு பக்கத்தில் மாத்திரம் தாங்கிப் பூட்டக் கூடாது. அதன் அச்சு இரு முனைகளிலும் தாங்கப்படுவதற்கென அமைந்தது. ஒரு முனையில் தொங்கவிட்டால் வளைந்து, கோனையும் குண்டுகளையும் தின்றுவிடும்.

சட்டம்

25 மி.மீ. சதுரமும் 1.6 மி.மீ. தடிப்பும் உள்ள பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழல்) போதும். இதன் எடை மீற்றருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. இரும்புக் கடையில் 20 அடி நீளத்தில் ஒன்றை வாங்கினால், சட்டம் முழுவதையும் அதிலிருந்தே வெட்டி எடுக்கலாம்: 70 செ.மீ. குறுக்குத் துண்டுகள் இரண்டு, 85 செ.மீ. நெடுக்குத் துண்டுகள் நான்கு, 40 செ.மீ. துண்டுகள் இரண்டு. கூட்டினால் 5.6 மீற்றர், வாளின் கழிவு போகவும் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும்.

70 செ.மீ. துண்டுகள் சட்டத்தின் முன்னும் பின்னும் நிற்கும். நெடுக்குத் துண்டுகள் நான்கும் அவற்றுக்கிடையே அமையும்: நடுவிலுள்ள இரண்டும் பெட்டியின் தளத்தைத் தாங்கும், வெளியிலுள்ள இரண்டும் சில்லுகளுக்கு வெளிப்புறமாக ஓடும். ஒவ்வொரு சில்லும் ஓர் உள் துண்டுக்கும் ஒரு வெளித் துண்டுக்கும் நடுவில், இரு பக்கமும் தாங்கப்பட்டு நிற்கிறது. வெளித் துண்டு இன்னொரு வேலையும் செய்கிறது: மதிலிலோ வேலிக் கதியாலிலோ உரசினால் அடி சட்டத்தில் விழும், கம்பிகளில் விழாது. உள் துண்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையே 45 செ.மீ., சில்லு நிற்கும் இடைவெளி பக்கத்துக்கு 10 செ.மீ. என வைத்தால் மொத்தம் 70 செ.மீ. வருகிறது. 40 செ.மீ. துண்டுகள் இரண்டும் தளத்தின் அடியில் குறுக்காக, உள் துண்டுகளை இணைக்கும்.

சமதளமான சீமெந்துத் தரையில் துண்டுகளை அடுக்கி, மூலைகளில் முதலில் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்த பின்னரே முழு ஒட்டுக்குப் போக வேண்டும். ஒரே மூலையைத் தொடர்ந்து ஒட்டினால் வெப்பத்தில் சட்டம் முறுகும். ஆகவே ஒரு மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என மாறி மாறி ஒட்டுவது அவசியம். 1.6 மி.மீ. தடிப்பு மெல்லியது. 2.5 மி.மீ. வெல்டிங் குச்சியைக் குறைந்த மின்னோட்டத்தில் பயன்படுத்தாவிட்டால் ஓட்டை விழும். சொந்தமாக வெல்டிங் செய்யத் தெரியாதவர்கள் துண்டுகளை அளவாக வெட்டிக் கொண்டுபோய் வெல்டிங் கடையில் கொடுக்கலாம். ஆனால் மூலைவிட்டம் அளக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் விடப்படுவது அந்த வேலைதான்.

அச்சுத் தாங்கிகள்: மிகக் கவனமான படி

40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை இரும்பில் 10 செ.மீ. நீளத் துண்டுகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் கீழ் விளிம்பிலிருந்து மேல் நோக்கி, அச்சு இறுக்கமாகப் புகும் அகலத்தில் ஒரு வெட்டு இட வேண்டும். நான்கையும் அடுக்கிக் கிடுக்கியால் பிடித்து ஒன்றாகத் துளைத்து, பின் துளையிலிருந்து விளிம்பு வரை அறுத்தால் நான்கும் ஒரே அளவில் அமையும். வெட்டு கீழ்நோக்கித் திறந்திருப்பதால் பாரம் அச்சை வெட்டின் அடிக்கு மேலும் அழுத்துமே தவிர வெளியே தள்ளாது. சில்லைக் கழற்றுவதற்கு நட்டைத் தளர்த்திப் பெட்டியைத் தூக்கினால் போதும்.

தாங்கிகளைச் சட்டத்தின் எந்த இடத்தில் ஒட்டுவது என்பதில்தான் பெட்டியின் நடத்தை முழுவதும் தங்கியுள்ளது. தளத்தின் நீளம் 90 செ.மீ.; அதன் நடுப்புள்ளி 45 செ.மீ. அச்சு அந்த நடுவுக்கு 10 செ.மீ. பின்னால், அதாவது முன் விளிம்பிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் வர வேண்டும். அப்போதுதான் தளத்தில் சீராகப் பரப்பிய பாரம் அச்சுக்குச் சற்று முன்னே நின்று, இணைப்பைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தும். அச்சிலிருந்து இணைப்பு வரை 135 செ.மீ. என்றால், 40 கிலோ பாரம் இணைப்பில் தரும் அழுத்தம் 40 ஐ 10 ஆல் பெருக்கி 135 ஆல் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 3 கிலோ. பாரத்தின் நூற்றில் 5 முதல் 10 பங்கு வரை இணைப்பில் இறங்குவது நல்லது. அதற்குக் குறைந்தால் பெட்டி வேகத்தில் வால் ஆட்டும். பாரம் பின்னே சரிந்தால் சைக்கிளின் பின்சில்லையே மேலே தூக்கப் பார்க்கும். கூடினால் அந்த அழுத்தம் முழுவதும் பின்சில்லின் ஒரு பக்கத்தில் விழுந்து வண்டியை இடப்புறம் இழுக்கும்.

நான்கு தாங்கிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்பதற்கு இலகுவான வழி, அச்சின் தடிப்புள்ள, வளைவற்ற நீண்ட கம்பி ஒன்றை நான்கு வெட்டுகளிலும் ஊடாகச் செருகி, அந்தக் கம்பி முன் குறுக்குத் துண்டுக்குச் சமாந்தரமாக இருப்பதை இரு முனையிலும் அளந்து உறுதிசெய்து, அந்த நிலையிலேயே புள்ளி ஒட்டுப் போடுவதாகும். தாங்கிகளின் உள்முகங்களுக்கு இடையே ஹப்பின் அகலம் மிகச் சரியாக வர வேண்டும். குறைந்தால் சட்டத்தை நெம்பித்தான் சில்லைச் செருக வேண்டும், கூடினால் நட்டை இறுக்கும்போது தாங்கி வளையும். பின்னர் கம்பியை எடுத்துவிட்டுச் சில்லுகளைப் பூட்டி, இரு ரயர்களின் முன் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தையும் பின் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தையும் அச்சு உயரத்தில் அளக்க வேண்டும். வேறுபாடு 3 மி.மீ. க்கு மேல் இருந்தால் ஒட்டை உடைத்துத் திரும்ப வைப்பதே சரி. சமாந்தரம் தவறிய சில்லுகள் ஓடும் தூரம் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்து ரயரைத் தேய்க்கும். சமதளமான எமது வீதிகளில் இழுப்பவரின் உழைப்பு பெரும்பாலும் ரயர் உருளும் தடைக்கும் காற்றுக்குமே செலவாவதால், இந்தச் சிறு தவறு காலில் உடனே தெரியும்.

இழுவைத் தண்டும் இணைப்பும்

இழுவைத் தண்டைச் சைக்கிளில் எங்கே பூட்டுவது என்பதில் மூன்று வழக்கங்கள் உள்ளன: இருக்கைத் தண்டில், கரியரில், பின் அச்சில். இருக்கைத் தண்டில் பூட்டுவது இலகு. ஆனால் உயரத்தில் இழுபடுவதால், பிறேக் பிடிக்கும்போது பெட்டி சைக்கிளை மேலிருந்து தள்ளிச் சரிக்கப் பார்க்கும். கரியரோ மெல்லிய கம்பிகளாலும் சிறிய போல்ற்களாலும் நிற்பது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குமே தவிர இழுப்பையும் தள்ளலையும் மாறி மாறித் தாங்காது. பின் அச்சின் இடப்பக்கமே என் தெரிவு. வலப்பக்கத்தில் சங்கிலியும் பிறீவீலும் உள்ளன என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் எமது வீதி ஒழுங்கோடு தொடர்புடையது. வளைவில் பெட்டி எப்போதும் உட்பக்கமாக வெட்டிச் செல்லும். இடப்புறம் திரும்பும்போது தண்டு பின்சில்லை விட்டு விலகும், வலப்புறம் திரும்பும்போது சில்லை நெருங்கும். இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில் இடத் திருப்பங்கள் ஒடுக்கமானவை, வலத் திருப்பங்கள் அகன்றவை. ஆகவே தடையில்லாத பக்கம் எமக்குத் தேவையான பக்கமாகவே அமைகிறது.

தண்டுக்கு முக்கால் அங்குல ஜிஐ பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) பொருத்தமானது. அதன் வெளி விட்டம் ஏறத்தாழ 27 மி.மீ. பெட்டியின் இட உள் துண்டின் அடியில் ஓர் அரை மீற்றர் நீளத்துக்கு அதனை இரண்டு யூ வடிவப் போல்ற்களால் பூட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் பின்னர் திருத்த முடியாது, பெட்டியைச் சுவரில் சார்த்தி வைக்கவும் முடியாது. தண்டு பெட்டியின் முன் விளிம்பிலிருந்து 80 செ.மீ. முன்னே நீண்டு, சைக்கிளின் பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவு வெளியே விலகி, பின் அச்சுக்கு வரும்போது உள்ளே வளைய வேண்டும். பைப் வளைக்கும் கருவி உள்ள கடையில் வளைத்துக் கொள்வதே நல்லது. நெருப்பில் காய்ச்சி வளைக்க நினைப்பவர்கள் நாகப் பூச்சு எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஜிஐ பைப்பில் ஒட்டுமுன்னும் ஒட்டும் இடத்தின் பூச்சை அரத்தால் முற்றாக உரசி நீக்கி, காற்றோட்டமான வெளியிலேயே வேலை செய்ய வேண்டும்.

இணைப்பு மூன்று அசைவுகளை அனுமதிக்க வேண்டும்: திரும்பும்போது பக்கவாட்டில், குழியில் ஏறி இறங்கும்போது மேலும் கீழும், சைக்கிள் சாயும்போது முறுக்காக. மூன்றாவதை மறந்து செய்த இணைப்புகளே உடைகின்றன; சைக்கிள் தவறி விழுந்தால் பெட்டியையும் சேர்த்துப் புரட்டுவதும் அவையே. பந்து மூட்டுகள் கிடைத்தாலும், நூல் வலையிட்ட தடித்த றபர்க் குழாய்த் துண்டு ஒன்று இந்த மூன்றையும் சத்தமின்றிச் செய்கிறது. உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகளில் இத்தகைய குழாய் கிடைக்கும். 1 அங்குல உள் விட்டமுள்ள குழாயில் 15 செ.மீ. வெட்டி, வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, ஒரு பக்கத்தில் தண்டின் முனையையும் மறுபக்கத்தில் அதே பைப்பின் 13 செ.மீ. துண்டையும் பக்கத்துக்கு 5 செ.மீ. ஆழத்துக்குச் செருக வேண்டும். நடுவில் 5 செ.மீ. வெறுங் குழாயாக நின்று வளைந்து கொடுக்கும். செருகிய இரு பக்கங்களிலும் 6 மி.மீ. போல்ற் ஒன்றை ஊடாக விட்டு, அகன்ற வாசருடன் இறுக்கி, மேலே பட்டிக் கிளிப்பும் போட வேண்டும்.

சைக்கிள் பக்கத்தில் 5 மி.மீ. பட்டை இரும்பில் ஒரு தட்டு. அதன் துளை பின் அச்சில் ஏறும். அதன் வெளிமுகத்தில் 1 அங்குல ஜிஐ பைப்பின் 7 செ.மீ. துண்டு பின்னோக்கி ஒட்டப்பட்டிருக்கும். 1 அங்குல நடுத்தர ரகப் பைப்பின் உள் விட்டம் 27 மி.மீ. க்குச் சற்று மேல் என்பதால், றபர்க் குழாயிலிருந்து முன்னே நீளும் முக்கால் அங்குலத் துண்டு அதற்குள் ஆட்டமின்றிப் புகும். இரண்டையும் ஊடறுத்து 8 மி.மீ. ஊசி ஒன்றும், அது கழலாதிருக்கக் கிளிப்பும். தட்டு எப்போதும் சைக்கிளிலேயே இருக்கும். ஊசியை உருவினால் பெட்டி தனியாகும்.

பின் அச்சில் ஏற்கெனவே கரியர்க் கால், மட்காட் கம்பி, ஸ்ரான்ட் என்பன ஏறியிருப்பதால், தட்டையும் போட்ட பின் நட்டு முழுமையாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நட்டின் முகத்துக்கு வெளியே ஒரு புரியாவது தெரியாவிட்டால் நீளமான அச்சை மாற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஸ்ரான்டை ஏற்றி இறக்கும்போது தட்டில் முட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம். இவையெல்லாம் முடிந்த பிறகும் ஒரு நைலோன் பட்டியை, தண்டிலிருந்து சைக்கிள் சட்டத்தின் பின் கவட்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். றபர் அறுந்தால் பெட்டி வீதியின் நடுவே தனியே ஓடாமல் காப்பது இந்தப் பட்டி மட்டுமே.

தளம், நிறம், வெளிச்சம்

தளத்துக்கு 12 மி.மீ. பிளைவூட்டோ, ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்த பலகைச் சட்டங்களோ போதும். வெங்காயம், பச்சை மரக்கறி, மீன் ஏற்றுபவர்களுக்கு இடைவெளி விட்ட பலகை நல்லது. கழுவினால் உடனே காயும். பனஞ்சிலாகை உறுதியானது என்றாலும் பாரம் கூடியது; ஆணி அடித்தால் பிளக்கும், துளையிட்டுப் போல்ற் போட வேண்டும். நிரந்தரப் பக்கப் பலகை வேண்டாம் என்பது என் கருத்து. சந்தைகளில் மரக்கறி அடுக்கும் பிளாஸ்ரிக் கூடை ஒன்றைத் தளத்தில் வைத்துக் கட்டினால் பக்கப் பலகையின் வேலை முடிந்துவிடும். மூட்டையோ எரிவாயுச் சிலிண்டரோ ஏற்றும் நாளில் கூடையை எடுத்துவிடலாம். கட்டுவதற்குப் பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறிய நாடாவுக்கு நிகரான பொருள் இல்லை, குலுக்கத்தில் தளராது. கொளுவுவதற்கு வசதியாகச் சட்டத்தின் ஓரங்களில் ஆறு வளையங்கள் ஒட்டி வைக்கலாம்.

கடலுக்கு அண்மையில் வாழும் எமக்குத் துரு பெரும் பகை. பொக்ஸ் பாரின் திறந்த முனைகளை அடைத்து, அடிமுகத்தில் தாழ்ந்த இடங்களில் 5 மி.மீ. துளைகள் இட்டால் உள்ளே புகும் நீர் வடிந்துவிடும். ஒட்டுக்களின் கசடைத் தட்டி, உரசி, துருத்தடுப்புப் பூச்சு இரண்டு தரம், அதன் மேல் எனாமல் பெயின்ற். நிறம் மஞ்சளோ வெள்ளையோ ஆக இருப்பது நல்லது.

பெட்டி தாழ்வானது. பின்னால் வரும் பஸ், லொறிச் சாரதிக்குச் சைக்கிள் தெரியும், அதற்குப் பின்னாலுள்ள பெட்டி தெரியாது. ஆகவே இட மூலையில் ஓர் ஆள் உயரக் கம்பும் அதில் சிவப்புத் துணியும், பின் குறுக்குத் துண்டின் இரு முனைகளிலும் சிவப்பு ஒளிதெறிப்பான்களும் கட்டாயம். இரவில் ஓடுவதானால் மின்கலச் சிவப்பு விளக்கை வல முனையில் பூட்ட வேண்டும். வாகனங்கள் முந்திச் செல்வது அந்தப் பக்கமாக என்பதால், அகலத்தின் எல்லையை அது காட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல், சீராக்கல்

முதல் ஓட்டம் வெறும் பெட்டியுடன், வாகனம் குறைந்த ஒழுங்கையில். வலப்புறம் மெதுவாகத் திரும்பி, தண்டு ரயரை நெருங்கும் எல்லையைக் கண்டு கொள்ள வேண்டும். முழு வட்டம் அடிக்க வேண்டியிருந்தால் இறங்கி உருட்டுவதே வழி. பிறகு சைக்கிளின் பின் ரயரையும் பெட்டியின் இரு ரயர்களையும் நனைத்து, காய்ந்த தார் வீதியில் நேராகச் சிறிது தூரம் ஓட்டினால் நிலத்தில் ஈரக் கோடுகள் தெரியும். சைக்கிளின் கோடு பெட்டியின் இரு கோடுகளுக்கும் நடுவே ஓட வேண்டும். ஒரு பக்கம் விலகினால் யூ போல்ற்களைத் தளர்த்தித் தண்டைச் சற்றுத் திருப்பி மீண்டும் இறுக்கினால் சரியாகும். தண்டை ஒட்டாமல் விட்டதன் பயன் இப்போது விளங்கும்.

அடுத்து 20 கிலோ மணல் மூட்டையுடன், அதன் பின் 40 கிலோவுடன். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் தண்டின் முனையை இணைப்பு உயரத்தில் ஒரு விற்றராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். பாரமேற்றிய பின் தராசு காட்டும் எடை, வெறும் பெட்டியில் காட்டியதைவிட 2 முதல் 4 கிலோ கூடியிருந்தால் பாரம் சரியான இடத்தில் உள்ளது. நாளடைவில் கையால் தூக்கிப் பார்த்தே இதை அறியலாம். ஆனால் கை பழகுவதற்கு முன் தராசு வேண்டும்.

ஓடும்போது தோன்றும் குறைகள் பெரும்பாலும் தம் காரணத்தைத் தாமே காட்டும். வேகம் கூடும்போது பெட்டி பக்கவாட்டில் அலைந்தால், பாரம் பின்னே உள்ளது அல்லது ஒரு ஹப்பின் கோன் தளர்ந்துள்ளது. மிதிக்கும் தாளத்துக்கு ஏற்ப முதுகில் யாரோ இழுத்து விடுவதுபோல் இருந்தால் றபர்க் குழாய் மிக மெல்லியது. தடித்ததை மாற்ற வேண்டும். வெறும் பெட்டி குழிகளில் துள்ளினால் ரயர்க் காற்றைச் சிறிது குறைக்கலாம், பாரம் ஏற்றும்போது மீண்டும் முழுமையாக அடிக்க வேண்டும். வில் பூட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அளவு பாரத்துக்கு அகன்ற ரயரே வில்லின் வேலையைச் செய்யும், வில் பூட்டினால் எடையும் கழலும் பாகங்களும் கூடுமேயன்றி வேறு பயனில்லை.

பாரத்துடன் மணிக்கு 15 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பிறேக்கை வளைவுக்கு முன்னரே பிடித்து முடிக்க வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் பின்னிருந்து தள்ளும் பெட்டி சைக்கிளின் பின்சில்லைப் பக்கவாட்டில் வழுக்க வைக்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பண்ணைப் பாலம் போன்ற திறந்த வெளிகளில் உயரமான பாரம் ஏற்றிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். மூட்டைகளைப் படுக்கையாக அடுக்கினால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். புதுப் பூச்சின் மேல் இறுக்கிய நட்டு கட்டாயம் தளரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அத்துடன் சில்லுக் கம்பிகளையும். அதன் பின் மாதம் ஒருமுறை றபர்க் குழாயை வளைத்து வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்த கையோடு, ஹப் இரண்டையும் திறந்து கிறீஸ் மாற்றுவதும் போதும். றபர்க் குழாய் வெயிலில் கிடந்தால் விரைவில் வெடிக்கும். ஆகவே பெட்டியைச் சுவரில் சார்த்தி வைக்கும்போது தண்டு நிழல் பக்கம் இருக்கட்டும். உதிரியாக ஒரு துண்டுக் குழாயை முன்கூட்டியே அளவாக வெட்டித் துளையிட்டு வைத்திருந்தால், அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.